ஹனிஃபாருவின் நுழைவுச் சீட்டும் பசுமை வரியும்: தாரவந்தூ தீவுப் பயணம் பற்றிய மதிப்புரை

மாலத்தீவின் தாரவந்தூவில் ஒரு சிறிய விருந்தினர் இல்லத்தில் தங்கி, அருகிலிருக்கும், திருக்கை மீன்கள் கூட்டமாக வரும் ஹனிஃபாரு விரிகுடாவில் நீந்திவிட்டு வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அறை எப்படி இருந்தது, சாப்பாடு எப்படி இருந்தது என்பதையும் சொல்வேன். ஆனால் அதிகம் பேசப்போவது பில்லைப் பற்றித்தான். இந்தப் பயணத்தில் சுற்றுச்சூழலின் பெயரால் இரண்டு கட்டணங்கள் நம்மிடம் வாங்கப்படுகின்றன. ஒன்று, தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரசு விதிக்கும் பசுமை வரி. மற்றொன்று, விரிகுடாவுக்குள் இறங்குவதற்கான நுழைவுக் கட்டணம். முதலாவதைக் கட்டும்போது முணுமுணுத்த அதே ஆட்கள், நான் உட்பட, இரண்டாவதற்கு மறுபேச்சின்றிப் பணத்தை எடுத்து வைத்தோம். தொகை கூடுதல் குறைச்சல் என்பது இதற்குக் காரணமல்ல.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாரவந்தூ, தலைநகர் மாலேக்கு வடமேற்கே பா அடோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள மக்கள் வாழும் தீவு. மாலேயிலிருந்து உள்நாட்டு விமானத்தில் அரை மணிக்கும் குறைவான நேரத்தில் போய்விடலாம். வேகப்படகு என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1972-இல் முதல் ரிசார்ட் திறக்கப்பட்டதிலிருந்து, மாலத்தீவுச் சுற்றுலா என்பது ஒரு முழுத் தீவையே ஒரு ரிசார்ட்டுக்குக் குத்தகைக்கு விடும் முறையாகத்தான் பல பத்தாண்டுகள் இருந்தது. ஊர்மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்த 2009-ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் வழி பிறந்தது. நம்மைப் போன்ற நடுத்தர வருமானக்காரர்கள் அந்த நாட்டுக்குப் போய் வர முடிவது அந்த மாற்றத்தால்தான். ஊர்த்தீவு என்பதால் மது கிடையாது. நீச்சலுடையோடு நடமாட அதற்கென ஒதுக்கிய கடற்கரை உண்டு. பள்ளிவாசலின் பாங்கொலி அறைக்குள் கேட்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இவை குறையாகத் தோன்றா.

விருந்தினர் இல்லத்தைச் சுமார் என்றுதான் சொல்ல வேண்டும். அறை சுத்தமாக இருந்தது, குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது, பணியாளர்கள் முகம் சுளிக்காமல் உதவினார்கள். காலை உணவாகச் சூரை மீனையும் தேங்காய்த் துருவலையும் வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாற்றோடு கையால் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு பரிமாறும் மஸ்ஹுனி கிடைக்கும். மாசிச் சம்பல் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகவே இராது. அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். கேட்காவிட்டால் இந்திய விருந்தினர் என்று தாங்களாகவே முடிவு செய்து, ஆறிப்போன பொரித்த முட்டையையும் டப்பாப் பழச்சாறையும் வைத்துவிடுகிறார்கள்.

என் மனக்குறை வேறொன்றில். முன்பதிவுப் பக்கத்தில் தங்களைச் 'சூழலுக்கு இசைந்த இல்லம்' என்று அவர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். அறையில் அதற்கான அடையாளமாக நான் கண்டது, துண்டைத் தினமும் மாற்றச் சொல்லாதீர்கள் என்ற சிறிய அட்டை ஒன்றுதான். மேசைமேல் தினமும் புதிய பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் வைக்கப்பட்டது. கண்ணாடிக் கூசாவில் வடிகட்டிய நீர் தர முடியுமா என்று கேட்டதும் உடனே கொண்டுவந்து வைத்தார்கள். ஆக, அவர்களிடம் அந்த வசதி இருக்கத்தான் செய்தது, யாரும் கேட்பதில்லை என்பதால் வெளியே எடுக்கவில்லை. குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே பெருங்கவலையான நாட்டில் இதை அலட்சியமாக விட முடியாது. மாலேக்குப் பக்கத்தில் திலஃபுஷி என்றொரு தீவு, தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து குப்பையைக் கொட்டிக் கொட்டியே உருவாக்கப்பட்டது. அங்கே திறந்தவெளியில் குப்பை எரிந்து கிளம்பிய புகை, நெடுங்காலம் அந்த நாட்டின் விளம்பரப் படங்களில் இடம்பெறாத காட்சியாக இருந்தது.

இனி பில். முன்பதிவுத் தளத்தில் கண்ட வாடகையை வைத்துக் கணக்குப் போட்டு வருகிறவர்களுக்கு இது அதிர்ச்சி தரும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். இருவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். இரண்டும் சேர்ந்த 110 டாலர்மேல் சுற்றுலாத் துறைக்கான சரக்கு மற்றும் சேவை வரி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம். ஆக 128 டாலர் 70 சென்ட். அதன்பின் ஆளுக்கு 6 டாலர் வீதம் பசுமை வரி 12 டாலர். நூறாகத் தொடங்கியது 140-ஐத் தாண்டிவிடுகிறது. பொருளாதார வகுப்பில் ஊர் திரும்பும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரிடமும் 2024 டிசம்பர் முதல் வாங்கப்படும் 50 டாலர் புறப்பாட்டு வரி விமானச் சீட்டிலேயே சேர்ந்திருக்கும். அதைப் பெரும்பாலோர் கவனிப்பதுகூட இல்லை.

பசுமை வரி 2015 நவம்பரில் ரிசார்ட்டுகளில் தொடங்கியது. அப்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர். 2016 அக்டோபரில் விருந்தினர் இல்லங்களுக்கும் 3 டாலராக விரிவுபடுத்தப்பட்டது. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து இரண்டும் இரட்டிப்பாகி, ரிசார்ட்டுகளில் 12 டாலர், ஊர்த்தீவுகளிலுள்ள ஐம்பது அறைகளுக்கு மேற்படாத இல்லங்களில் 6 டாலர் என்று ஆகியிருக்கிறது. ஒரு தம்பதி ஐந்து இரவு தங்கினால் விருந்தினர் இல்லத்தில் 60 டாலர், ரிசார்ட்டில் 120 டாலர். ஓர் இரவுக்கு ஆயிரம் டாலர் கொடுக்கிறவருக்கு 12 டாலர் தூசுக்குச் சமம். ஐம்பது டாலர் அறையில் தங்குகிறவருக்கு 6 டாலர் அப்படியல்ல. வாடகைக்கு ஏற்ற விகிதமாக வைக்காமல் தலைக்கு இவ்வளவு என்று வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தப் பணம் கழிவு மேலாண்மை, கழிவுநீர், குடிநீர், கரைப் பாதுகாப்பு போன்ற பணிகளுக்கென ஒரு பசுமை நிதியில் சேர்கிறது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆயிரத்து இருநூறுக்குச் சற்றுக் குறைவான தீவுகளில், ஏறக்குறைய 190 தீவுகளில் மட்டும் மக்கள் சிதறி வாழும் நாட்டில், ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனியாகச் சாக்கடையும் குப்பைக் கிடங்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் அமைப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்பது யாருக்கும் புரியும். ஆண்டுக்கு இருபது லட்சம் பயணிகளுக்குமேல் வந்து போகும் நாட்டில் அச்செலவில் ஒரு பங்கை வருகிறவர்கள் ஏற்க வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் பில்லில் அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் எந்த விளக்கமும் இல்லை. இந்தத் தீவுக்கு அந்த நிதியிலிருந்து என்ன வந்தது என்று வரவேற்பு மேசையிலிருந்த நாகர்கோவில்காரத் தம்பியிடம் கேட்டேன். "அது கவர்மென்டுக்குப் போறது சார், நம்ம கையில ஒண்ணும் நிக்காது. எல்லாரும் இதத்தான் கேக்காங்க" என்று சிரித்தார். தீவில் கழிவுநீர்த் திட்டம் இருந்தால், குப்பை பிரிக்கும் இடம் இருந்தால், அது யாருடைய பணத்தில் நடக்கிறது என்று ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இதற்கு நேர் எதிராக நடப்பது ஹனிஃபாருவில். அந்த விரிகுடா தாரவந்தூவிலிருந்து படகில் சில நிமிடத் தொலைவுதான். ஒரு கால்பந்துத் திடலைவிட அவ்வளவு பெரிதில்லாத, புனல்போல் ஒரு பக்கம் ஒடுங்கிய பவளப்பாறைக் குடா அது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதங்களின்போது நீரோட்டம் பிளாங்க்டன் எனப்படும் நுண்ணிய மிதவை உயிரிகளை வாரிக்கொண்டு வந்து இந்தப் புனலுக்குள் தள்ளி, வெளியேற வழியில்லாமல் சுழலவிடுகிறது. அதைத் தின்பதற்காக மாண்டா எனப்படும் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வருகின்றன; சில நாட்களில் நூறுக்கு மேலும் சேருமாம். திமிங்கலச் சுறாக்களும் வருவதுண்டு. 2009-இல் இது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் பா அடோல் முழுவதும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. ஒரு காலத்தில் படகுகளும், காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாக்காரர்களும் ஒருவர்மேல் ஒருவர் ஏறாத குறையாக நெருக்கியடித்த இடம் என்பதால், 2012 முதல் இங்கே ஸ்கூபா முற்றாகத் தடை செய்யப்பட்டு, மேற்பரப்பில் மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது.

நடைமுறை இப்படி. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. ஒரே நேரத்தில் விரிகுடாவில் ஐந்து படகுகள், எண்பது பேர் என்பது உச்சவரம்பு. ஒரு குழுவுக்கு 45 நிமிடம். திருக்கையைத் தொடக்கூடாது, பின்னால் துரத்தக்கூடாது, கேமராவின் பிளாஷ் கூடாது. எங்களை அழைத்துச் சென்ற உள்ளூர் நிறுவனம் காலையில் எழுப்பி நேரே படகில் ஏற்றிவிடவில்லை. மீன்கள் வந்திருக்கின்றன என்று விரிகுடாவைக் கண்காணிக்கும் ரேஞ்சர்களிடமிருந்து தகவல் வந்த பிறகுதான் புறப்படலாம் என்றார்கள். அதற்காக ஒரு பகல் முழுவதும் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்ததில் சிலருக்கு எரிச்சல். என் கணக்கில் அது அந்த நிறுவனத்துக்கு ஒரு கூடுதல் மதிப்பெண். கட்டணம் வாங்குவது விரிகுடாவுக்குள் நுழைவதற்கு, மீனைக் காட்டுவதற்கல்ல என்பதை அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

படகு போனதும் ரேஞ்சர் படகு பக்கத்தில் வந்தது. சீட்டுகளைச் சரிபார்த்தார்கள், தலைகளை எண்ணினார்கள், நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். நாம் கொடுத்த பணம் சீருடை அணிந்து எதிரே நிற்கிறது என்ற உணர்வு அப்போதே வந்துவிடுகிறது. தண்ணீருக்குள் இறங்கியபோது முதலில் ஏமாற்றம்தான்; விளம்பரப் படங்களில் வரும் நீலக் கண்ணாடி அங்கே இல்லை, அரிசி கழுவிய நீர்போல் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கல்தான் அவற்றின் உணவு என்று வழிகாட்டி விளக்கினார். நீர் தெளிந்திருந்தால் திருக்கை வராது. சற்று நேரத்தில் அந்தக் கலங்கலிலிருந்து ஒரு வெள்ளை வாய் திறந்தபடி வந்தது. தலையின் இரு பக்கத்திலும் சுருட்டி வைத்திருக்கும் கொம்புத் துடுப்புகளை அகல விரித்து உணவை வாய்க்குள் செலுத்திக்கொண்டு, செவுள் பிளவுகளின் உட்புறம் தெரியும் அளவுக்கு அருகில் வந்து, மோதப்போகிறது என்று நான் கைகால்களைச் சுருக்கிய கணத்தில் வயிற்றைக் காட்டி மேல்நோக்கிப் புரண்டு போயிற்று. மூன்று மீட்டருக்கு மேல் அகலமிருக்கும். வயிற்றில் கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் அமைப்பு ஒன்றைப்போல் மற்றொன்றுக்கு இருப்பதில்லை என்பதால், அவற்றைப் படமெடுத்தே மாலத்தீவுக் கடலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட திருக்கைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பதிந்து வைத்திருக்கிறார்கள்.

குழுவில் ஒருவர் கேமரா கட்டிய நீண்ட கோலை நீட்டிக்கொண்டு ஒரு திருக்கையின் பின்னால் நீந்தத் தொடங்கினார். வழிகாட்டி சத்தம் போடவில்லை. அவருடைய கால் துடுப்பைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டு, விரலால் வேண்டாம் என்று காட்டினார். 45 நிமிடம் முடிந்ததும், எங்களுக்குக் கீழே ஐந்தாறு திருக்கைகள் இன்னும் வட்டமிட்டுக்கொண்டிருந்தபோதே, எல்லாரையும் மேலே ஏற்றினார்கள். இன்னும் பத்து நிமிடம் தரக்கூடாதா, கூடுதல் பணம் வேண்டுமானாலும் தருகிறோம் என்று ஒருவர் பேரம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. நடக்காததால்தான் அந்தக் கட்டணத்தின்மேல் எனக்கு மதிப்பு வந்தது. பணம் கொடுத்தால் வளையும் விதியைக் காப்பதற்கு யார் பணம் கொடுப்பார்கள்?

அன்று மாலை விருந்தினர் இல்ல முற்றத்தில் இதுவே பேச்சாயிற்று. பெங்களூரிலிருந்து வந்திருந்த குடும்பம் ஒன்று, நுழைவுக் கட்டணத்தை இரண்டு மடங்காக்கினாலும் கொடுப்போம், ஆனால் தண்ணீரில் ஆட்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றது. ஜெர்மன் தம்பதி பசுமை வரியில் தங்களுக்கு ஆட்சேபமில்லை, கணக்கு மட்டும் வேண்டும் என்றார்கள். கூரையில் சூரியத் தகடு இருப்பதற்காகவோ மூங்கில் குழலில் இளநீர் தருவதற்காகவோ கூடுதல் வாடகை தர ஒருவருமே ஆயத்தமாக இல்லை. எத்தனையோ தீவுகளில் சுற்றுலாப் பயணிகளிடம் எடுக்கப்பட்ட ஆய்வுகளும் ஏறத்தாழ இதையேதான் சொல்லி வந்திருக்கின்றன: கூட்டம் குறைவு, உயிருள்ள பவளம், பெரிய உயிரினங்கள் ஆகியவற்றுக்கு மனிதர்கள் பணம் தருவார்கள், கண்ணுக்குத் தெரியாத நன்மைக்கு, தெரியவைத்தால் தருவார்கள். கேள்வித்தாளில் தருவேன் என்பதற்கும் கல்லாவில் எடுத்து வைப்பதற்கும் உள்ள தூரத்தையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது தனிக்கதை.

இதில் எனக்கு எப்போதும் முன்மாதிரியாகத் தோன்றுவது கரீபியக் கடலிலுள்ள பொனேர் தீவு. தீவைச் சுற்றியுள்ள கடலை 1979-இலேயே பூங்காவாக அறிவித்துவிட்டு, பணமில்லாமல் தடுமாறிய அவர்கள், 1992-இல் மூழ்குநீச்சல்காரர்களிடம் ஆண்டுக்கு 10 டாலர் வாங்கத் தொடங்கினார்கள். பயணிகள் ஓடிவிடுவார்கள் என்று தொழில் நடத்துபவர்கள் பயந்தார்கள். ஆனால் அக்காலத்தில் எடுத்த கணக்கெடுப்பில், பெரும்பாலானோர் இந்த முறை நியாயமானது என்றதோடு, சராசரியாக 27 டாலருக்கு மேல் தரவும் ஆயத்தமாக இருந்தது தெரியவந்தது. பணம் வாங்குவதும் செலவழிப்பதும் அந்தக் கடற்பூங்காவுக்காகவே என்பதுதான் அதன் வலிமை. இப்போது அந்தக் கட்டணம் 40 டாலர். பசிபிக் கடலில் பலாவ் நாடு 100 டாலரை விமானச் சீட்டிலேயே சேர்த்து வாங்கினாலும், 2017 டிசம்பர் முதல், தீவுக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியைக் கடவுச்சீட்டில் முத்திரையாகக் குத்திப் பயணியின் கையெழுத்தை வாங்குகிறது. கலாபகஸ் தீவுகள் 2024 ஆகஸ்டில் நுழைவுக் கட்டணத்தை 100-இலிருந்து 200 டாலராக்கின. பாலித் தீவு 2024 பிப்ரவரியிலிருந்து ஒன்றரை லட்சம் ரூபியா வாங்குகிறது. நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான தொகை, ஆனாலும் எதற்கென்று கேட்கும் குரல் அங்கே அதிகம்.

ஹனிஃபாருவிலும் குறைகள் உண்டு. எண்பது பேர் என்ற வரம்பு, அந்த அளவுள்ள இடத்துக்கு மிக அதிகம். எங்களுக்குப் பக்கத்துக் குழுவின் துடுப்பு என் முகமூடியை இருமுறை தட்டிவிட்டது. படகுகளின் டீசல் புகை நீர்மட்டத்திலேயே படிந்து நிற்கிறது. நுழைவுக் கட்டணம் சேரும் பாதுகாப்பு நிதி கடந்த ஆண்டில் என்ன செய்தது என்று ஒரு பக்கத் தாளைச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்திருக்கலாம். ரேஞ்சர்களைக் கண்ணால் பார்த்ததால் நான் நம்பினேன், எல்லாரும் அப்படி நம்ப வேண்டியதில்லை. ஆட்களைக் குறைத்துக் கட்டணத்தை உயர்த்துவதுதான் எளிய வழி என்று பெங்களூர்க்காரர்களைப் போலவே எனக்கும் தோன்றியது. அப்படிச் செய்தால் ரிசார்ட் விருந்தினர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஊர்த்தீவு இல்லங்களில் தங்குகிறவர்கள்தான் ஒதுங்கிப்போவார்கள் என்ற சங்கடமும் அதிலேயே இருக்கிறது. கட்டணத்தை இருக்கிறபடி விட்டு, பருவத்தின் நெரிசலான நாட்களில் மட்டும் முன்பதிவு முறையைக் கொண்டுவந்து எண்பதை ஐம்பதாக்கலாம் என்பது என் எண்ணம்.

மீனைக் காப்பது வெறும் கருணை வேலையல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மாலத்தீவில் திருக்கை பார்க்க வருகிறவர்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 81 லட்சம் டாலர் நேரடி வருமானம் வருகிறது என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த நாடு சுறா வேட்டையை 2010-இலும், திருக்கை இனங்களைப் பிடிப்பதை 2014-இலும் தடை செய்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. அதேசமயம் 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது எந்தக் கட்டணத்தாலும் அதைத் தடுக்க முடியவில்லை என்பதும், அங்கே விமானத்தில் பறந்து போகிற நாமும் அந்தச் சூட்டில் பங்காளிகள் என்பதும் மறக்கக் கூடியவையல்ல.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன் முதல் அக்டோபர் வரை, பௌர்ணமியையோ அமாவாசையையோ ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று திட்டமிடாதீர்கள். மூன்று இரவாவது கையில் இருக்கட்டும். முன்பதிவு செய்யுமுன் வரி, சேவைக் கட்டணம், பசுமை வரி அனைத்தும் சேர்ந்த தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் மிதவைச் சட்டையோடு இறங்கலாம் என்று படகில் சொன்னாலும், கூட்டத்தில் அது வசதிப்படாது. ஊரிலேயே ஒரு மாதம் பழகிக்கொண்டு போவது நல்லது. அந்தப் பருவத்தில் கடல் முரடாக இருக்கும் என்பதால் வேகப்படகில் வயிற்றைக் கலக்கிக்கொண்டு போவதைவிட, பணம் கூடினாலும் உள்நாட்டு விமானமே மேல். அறை பதிவு செய்யும்போதே பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், கூசாவில் தண்ணீர் வையுங்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள். அதற்கு அவர்கள் தனிக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை.